மாகெல்லன் தாரை: உரிந்த வாயுவில் கண்ணுக்குப் படாத முக்கால் பங்கு

தேவகோட்டைப் பக்கம் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கும் ஓர் ஆசிரியை கேட்டிருக்கும் கேள்வி இது: "பெரிய கேலக்ஸியைச் சுற்றிவரும் சின்னத் துணை கேலக்ஸிகளிலிருந்து வாயு உரிந்து வருகிறது, அதில் பெரும்பகுதி அயனியாகிவிட்டது என்று படித்தேன். எது உரிக்கிறது? ஏன் அயனியாகிறது? கண்ணுக்கே தெரியாத வாயுவின் எடையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? நம் செட்டிநாட்டிலிருந்து இதில் ஏதாவது தெரியுமா? பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்."

சுருக்கமாகச் சொன்னால்: உரிப்பவை இரண்டு. ஒன்று ஓத விசை (ஒரு பக்கத்தை மறுபக்கத்தைவிட அதிகமாக இழுக்கும் ஈர்ப்பு), மற்றது பெரிய கேலக்ஸியைச் சூழ்ந்திருக்கும் சூடான, மிக மெல்லிய வாயுவின் மோது அழுத்தம். அயனியாக்குவது முக்கியமாகப் புற ஊதா ஒளி. ஆங்காங்கே மோதல் வெப்பமும். எடையைக் கணக்கிடுவது பின்னாலிருக்கும் குவேசார்களின் (தொலைதூரக் கேலக்ஸிகளின் மிகப் பிரகாசமான மையங்கள்) வெளிச்சத்தில் விழும் இருண்ட கோடுகளை வைத்து. செட்டிநாட்டிலிருந்து வாயு ஓடை தெரியாது. அந்த வாயு உரிந்து வந்த கேலக்ஸிகளில் ஒன்று தெரியும், ஓடையின் வால் எங்கே இருக்கிறது என்று கை நீட்டிக் காட்டவும் முடியும். அந்த இடம் ஏறக்குறைய உங்கள் தலைக்கு நேர் மேலே!

இனி விவரம். எல்லாவற்றையும் மாகெல்லன் தாரையை வைத்தே சொல்கிறேன். துணை கேலக்ஸியிலிருந்து உரிந்த வாயுவுக்கு இதைவிடப் பக்கத்தில், இதைவிட விரிவாக ஆராயப்பட்ட உதாரணம் கிடையாது. நம் பால்வீதிக்குத் துணையாக வரும் பெரிய மாகெல்லன் மேகம் சுமார் 1 லட்சத்து 63 ஆயிரம் ஒளியாண்டுத் தொலைவிலும், சின்ன மாகெல்லன் மேகம் சுமார் 2 லட்சம் ஒளியாண்டுத் தொலைவிலும் இருக்கின்றன. இரண்டுக்கும் பின்னால் ஒரு நீண்ட ஹைட்ரஜன் ஓடை நீள்கிறது. 1974-இல் மேத்யூசன் குழு ஆஸ்திரேலியாவிலிருந்து 21 செ.மீ. ரேடியோ அலையில் இதை மேகங்களோடு தொடர்புபடுத்தி 'மாகெல்லன் தாரை' என்று பெயரிட்டது. மேகங்களுக்கு முன்னால் நீளும் 'முன்கை'யையும் சேர்த்தால் வானத்தில் 200 பாகைக்கு மேல் வரும் என்று 2010-இல் நிடெவர் குழு காட்டியது.

முதலில் உரிப்பு. மோது அழுத்தத்தின் சூத்திரம் எளிது: சுற்றியுள்ள வாயுவின் அடர்த்தி × வேகம் × வேகம். பால்வீதியைச் சூழ்ந்த, 10 லட்சம் கெல்வினுக்கு மேல் வெப்பமுள்ள வாயு உறையின் அடர்த்தி, பெரிய மேகம் இருக்கும் தொலைவில், ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.0001 துகள். மேகத்தின் வேகம் விநாடிக்குச் சுமார் 320 கி.மீ. பெருக்கினால் ஏறக்குறைய 2×10⁻¹⁴ பாஸ்கல். நம் காற்றழுத்தம் ஒரு லட்சம் பாஸ்கல். அதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் எதிர்ப்பக்கம் இருப்பதும் அவ்வளவு பலவீனமானதுதான்.

எதிர்ப்பக்கம் என்பது கேலக்ஸியின் தட்டு தன் வாயுவை இழுத்துப் பிடிக்கும் ஈர்ப்பு. கன், காட் என்ற இரண்டு வானியலாளர்கள் 1972-இல் தந்த அளவுகோல்: 2π × ஈர்ப்பு மாறிலி × விண்மீன்களின் பரப்படர்த்தி × வாயுவின் பரப்படர்த்தி. கரும்பலகையில் போட்டுக் காட்ட இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது. ஒரு சதுர பார்செக்குக்கு (1 பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) 1 சூரிய நிறை என்றால் சதுர மீட்டருக்கு 0.00209 கிலோ என்று மாற்றிக்கொள்ளுங்கள். தட்டின் உள்பக்கம் விண்மீன் 10, வாயு 3 என்ற அளவில் இருந்தால் பிடிப்பு 5.5×10⁻¹⁴ பாஸ்கல், மோது அழுத்தத்தைவிட அதிகம், வாயு நிலைக்கும். வெளி ஓரத்தில் இரண்டும் 1 என்று குறைந்தால் பிடிப்பு 1.8×10⁻¹⁵ பாஸ்கல்தான். மோது அழுத்தம் இதைப்போல் பத்து மடங்கு. அங்கே வாயு நிற்காது. பெரிய மேகத்தில் இதை நேரிலேயே பார்க்கிறோம். விண்மீன் தட்டு வெளியே நீண்டு போகிறது. முன்பக்க விளிம்பில் வாயுத் தட்டு மட்டும் மையத்திலிருந்து சுமார் 20 ஆயிரம் ஒளியாண்டில் வெட்டினாற்போல் நின்றுவிடுகிறது. 2015-இல் சேலம் என்ற ஆய்வாளரின் குழு இந்த வெட்டு விளிம்பை வைத்தே கணக்கைத் திருப்பிப் போட்டு, பால்வீதியின் உறை அடர்த்தியை 0.00011 என்று எடுத்தது. மேலே நான் போட்ட 0.0001 அங்கிருந்து வந்ததுதான்.

வாயு மட்டும் ஏன் போகிறது, விண்மீன்கள் ஏன் போவதில்லை என்று பிள்ளைகள் கண்டிப்பாகக் கேட்பார்கள். ஆடிக் காற்றில் பைக்கில் போகிறவரின் தோள் துண்டு பறக்கும், ஆள் பறக்கமாட்டார். விண்மீன் தன் நிறைக்கு ஒப்பிட மிகச் சிறிய குறுக்குப் பரப்பு கொண்டது. மெல்லிய வாயு அதை நகர்த்தவே முடியாது. வாயுவுக்கு வாயுதான் மோதும்.

ஓத விசை அப்படிப் பாகுபாடு பார்ப்பதில்லை. விண்மீனையும் வாயுவையும் சேர்த்தே இழுக்கும். அதனால் ஓடையில் விண்மீன் இருக்கிறதா என்பது பல ஆண்டுகளாகப் பெரிய கேள்வியாக இருந்தது. 2023-இல் தாரையோடு தொடர்புடைய சில சிவப்பு ராட்சத விண்மீன்களை 3 லட்சம் ஒளியாண்டு வரையான தொலைவில் கண்டுபிடித்தார்கள். இன்று பெரும்பாலோர் ஏற்கும் கதை இது: பால்வீதியை நெருங்குவதற்கு முன்பே இரண்டு மேகங்களும் ஒன்றையொன்று சுற்றி இழுத்து, சின்ன மேகத்தின் வாயுவைப் பிய்த்துப் போட்டன, பிறகு பால்வீதியின் உறைக்குள் நுழைந்தபோது மோது அழுத்தம் அதை வாரிப் பின்னால் தள்ளியது. 'மோது அழுத்தமா, ஓத விசையா' என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பாடக்குறிப்புகளை நம்ப வேண்டாம். இரண்டுக்கும் பங்குண்டு, வரிசைதான் முக்கியம்.

மற்ற துணை கேலக்ஸிகளின் நிலை இன்னும் மோசம். டிராக்கோ, உர்சா மைனர் போன்ற குள்ளக் கேலக்ஸிகளில் நடுநிலை ஹைட்ரஜன் அடியோடு காணவில்லை. பால்வீதியிலிருந்து சுமார் 9 லட்சம் ஒளியாண்டுக்குள் வாயுவோடு இருப்பவை மாகெல்லன் மேகங்கள் இரண்டும்தான் என்று சொல்லிவிடலாம். 14 லட்சம் ஒளியாண்டுக்கு அருகே இருக்கும் 'லியோ டி' என்ற குட்டிக் கேலக்ஸியில் வாயு இன்னும் இருக்கிறது. காரணம் வேகங்களின் விகிதத்தில் இருக்கிறது. குள்ளக் கேலக்ஸிக்குள் விண்மீன்கள் விநாடிக்கு 10 கி.மீ. அளவில்தான் ஆடுகின்றன, அதாவது ஈர்ப்புப் பள்ளம் ஆழமில்லை. அது உறைக்குள் 300 கி.மீ. வேகத்தில் பாய்ந்தால் வர்க்க விகிதம் 900. எனவே உறையைவிட 900 மடங்கு அடர்ந்த வாயுவைக்கூட, அதாவது கன சென்டிமீட்டருக்கு 0.1 அளவில் இருப்பதை, அந்த 0.0001 அடர்த்தி அசைத்துவிடும். அதோடு உள்ளே சூப்பர்நோவாக்கள் வெடித்து வாயுவைத் தளர்த்தியிருந்தால் உரிப்பு இன்னும் எளிது. மிஞ்சுவது பழைய விண்மீன்கள் மட்டும்.

இனி அயனி. ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்க 13.6 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும், 91.2 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளி அதைச் செய்யும். கேலக்ஸிக்குள் அடர்ந்து கிடக்கும்போது வெளித்தோல் வாயு இந்த ஒளியை விழுங்கி உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். உரிந்து பரவியதும் காப்பு போய்விடுகிறது. பால்வீதியின் இளம் விண்மீன்களிலிருந்து தப்பி வரும் புற ஊதா ஒரு பக்கம், தொலைதூரக் குவேசார்கள் எல்லாம் சேர்ந்து பரப்பும் பின்னணிப் புற ஊதா மறுபக்கம், மேகங்களின் சொந்த விண்மீன்கள் இன்னொரு பக்கம். இதற்கு மேல், குளிர்ந்த வாயு சூடான உறையோடு உரசிக் கலக்கும் எல்லையில் லட்சம் கெல்வின் கணக்கில் ஒரு கலவை உருவாகிறது; அங்கே மோதலே அயனியாக்கும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. அயனி என்றதும் நம் வகுப்புகளில் மேகநாத் சாகாவின் 1920 சமன்பாட்டுக்குப் போய்விடுகிறோம். விண்மீன் வளிமண்டலத்துக்கு அது பொன்னானது. இங்கே பொருந்தாது. கன சென்டிமீட்டருக்கு 0.01 என்ற அடர்த்தியைப் போட்டுப் பாருங்கள்: 3000, 4000 கெல்வினிலேயே ஹைட்ரஜன் முழுக்க அயனியாகிவிட வேண்டும் என்று விடை வரும். ஆனால் தாரையில் பல ஆயிரம் கெல்வினில் நடுநிலை ஹைட்ரஜன் கண்ணெதிரே இருக்கிறது. சாகா சமன்பாடு வெப்பச் சமநிலையை எடுத்துக்கொள்கிறது. ஓடை வாயுவில் அந்தச் சமநிலை கிடையாது. வரும் போட்டான்கள் விநாடிக்கு எத்தனை அணுவைப் பிளக்கின்றன, பிரிந்த எலெக்ட்ரான்கள் விநாடிக்கு எத்தனை திரும்பச் சேருகின்றன என்ற வரவு செலவைத்தான் போட வேண்டும்.

அந்தத் திரும்பச் சேரும் வேகம் ஒரு நல்ல கடிகாரமும்கூட. 10 ஆயிரம் கெல்வினில் மறுசேர்க்கைக் கெழு 2.6×10⁻¹³ கன செ.மீ./விநாடி. அடர்த்தி 0.01 என்றால் சேர ஆகும் காலம் சுமார் 1.2 கோடி ஆண்டு. 0.1 என்றால் 12 லட்சம் ஆண்டு. அதாவது புற ஊதா ஒரு முறை பளிச்சிட்டு அணைந்தாலும் வாயு லட்சக்கணக்கான ஆண்டுகள் மினுங்கிக்கொண்டே இருக்கும். தாரையின் ஒரு பகுதியில், தென் கேலக்ஸி துருவத்தை (பால்வீதித் தட்டுக்குச் செங்குத்தான தென்திசைப் புள்ளி) ஒட்டி, எதிர்பார்த்ததைவிட எச்-ஆல்ஃபா ஒளி, அதாவது எலெக்ட்ரானும் புரோட்டானும் திரும்பச் சேரும்போது வரும் சிவப்பு ஒளி, அதிகம். நம் கேலக்ஸி மையத்துக் கருந்துளை சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆவேசமாக எரிந்தபோது வந்த புற ஊதாவின் மிச்சம்தான் அது என்று பிளாண்ட்-ஹாத்தார்ன் குழு 2013-இல் வாதிட்டது. 2010-இல் கண்டறியப்பட்ட ஃபெர்மி குமிழிகளோடு (கேலக்ஸி மையத்துக்கு மேலும் கீழும் விரிந்திருக்கும் காமா கதிர்க் குமிழிகள்) இது ஒத்துப்போவதால் எனக்கு இந்த வாதம் வலுவாகவே படுகிறது. தாரையே தனக்குள் மோதி உண்டாக்கும் அதிர்ச்சி அலைகளால் அந்த ஒளி வரலாம் என்ற மாற்று விளக்கமும் கையில் இருக்கிறது.

இப்போது கேள்வியின் கனமான பகுதி: எடை. நடுநிலை ஹைட்ரஜன் பிரச்சினையில்லை. 1420.4 மெகாஹெர்ட்ஸில் ரேடியோ தொலைநோக்கி தரும் வளைவரையின் கீழுள்ள பரப்பை, கெல்வின் × கி.மீ./விநாடி அலகில் எடுத்து, 1.823×10¹⁸ ஆல் பெருக்கினால் ஒரு சதுர சென்டிமீட்டர் தூணுக்குள் எத்தனை அணு என்று வந்துவிடும். பரப்பு 50 என்றால் சுமார் 9×10¹⁹ அணு. இப்படிக் கூட்டினால் தாரையின் நடுநிலை வாயு, 1 லட்சத்து 80 ஆயிரம் ஒளியாண்டுத் தொலைவு என்று வைத்துக்கொண்டால், சுமார் 50 கோடி சூரிய நிறை.

அயனியான ஹைட்ரஜனில் எலெக்ட்ரானே இல்லை, வெறும் புரோட்டான். அதற்கு 21 செ.மீ. கோடும் இல்லை, உட்கவரும் கோடும் இல்லை. இரண்டு வழிதான் உண்டு: அது மீண்டும் சேரும்போது விடும் எச்-ஆல்ஃபா ஒளியைப் பிடிப்பது, அல்லது அதோடு கலந்திருக்கும் சிலிக்கான், கார்பன், ஆக்சிஜன் அயனிகளின் நிழலைப் பிடிப்பது.

எச்-ஆல்ஃபா வழியில் ஒரு பொறி இருக்கிறது, அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். எலெக்ட்ரானும் புரோட்டானும் சந்தித்தால்தான் ஒளி. எனவே பிரகாசம் அடர்த்தியின் வர்க்கத்தோடு போகிறது. அடர்த்தி 0.02, பாதை 1000 பார்செக் என்று வையுங்கள்: வர்க்கம் × பாதை = 0.4, 2.75 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.15 ரேலி. ரேலி என்பது இத்தகைய மங்கல் ஒளியை அளக்கும் அலகு. இப்போது அடர்த்தி 0.2, பாதை 10 பார்செக்: வர்க்கம் × பாதை அதே 0.4, அதே 0.15 ரேலி. ஆனால் முதல் தூணில் வாயு 20 என்றால் இரண்டாவதில் 2 மட்டும்! ஒரே மினுக்கம், பத்து மடங்கு எடை வித்தியாசம். வாயு திட்டுத்திட்டாக இருக்கிறதா, பரவலாக இருக்கிறதா என்று தெரியாமல் எச்-ஆல்ஃபாவிலிருந்து மட்டும் எடை சொல்பவர்கள் இந்தக் குழியில்தான் விழுகிறார்கள்.

அளப்பதே சாதனைதான். பூமியின் மேல்வளிமண்டல ஹைட்ரஜனே சில ரேலி எச்-ஆல்ஃபா விடுகிறது. தாரையின் ஒளி பெரும்பாலும் 0.03-லிருந்து சில பத்தில் ஒரு பங்கு ரேலி வரை. இதற்கென்றே கட்டிய 'வாம்' என்ற கருவி, 2009 முதல் சிலியின் செரோ டோலோலோவில் இருக்கிறது. 60 செ.மீ. லென்ஸ், ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் 15 செ.மீ. ஃபேப்ரி-பெரோ தகடுகள் இரண்டு. ஒரு பாகை வட்டத்திலிருந்து வரும் மொத்த ஒளியையும் சேர்த்து, விநாடிக்கு 12 கி.மீ. நுணுக்கத்தில் பிரிக்கும். படம் அழகாக வராது, வேகம் துல்லியமாக வரும். தாரையின் வேகம் பூமி ஒளியிலிருந்து 200 கி.மீ. தள்ளியிருந்தால் கோடு 656.28 நானோமீட்டரிலிருந்து 0.44 நகரும். அந்த நகர்வுதான் பிரித்தெடுக்க ஒரே பிடி.

நிழல் வழி இதைவிடப் பலன் தந்தது. 2009-இல் ஹபிள் தொலைநோக்கியில் பொருத்திய காஸ்மிக் ஆரிஜின்ஸ் நிறமாலைமானி புற ஊதாவில் வேலை செய்கிறது. தாரைக்குப் பின்னால் இருக்கும் குவேசார் ஒன்றை நோக்கித் திருப்பினால், 120.65 நானோமீட்டரில் இரண்டு எலெக்ட்ரான் இழந்த சிலிக்கான், 139.4-லும் 140.3-லும் மூன்று இழந்த சிலிக்கான், 154.8-லும் 155.1-லும் மூன்று இழந்த கார்பன் என இருண்ட கோடுகள் வரும். தாரையின் வேகத்துக்கு நகர்ந்து வரும் கோடுகளை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். நகராதவை நம் கேலக்ஸியுடையவை.

அடுத்து வருவதுதான் இதில் எனக்கு மிகப் பிடித்த நுட்பம். வாயுவில் ஆக்சிஜன் எத்தனை பங்கு என்று தெரிந்தால்தான் மற்றதெல்லாம் நகரும். ஆக்சிஜனின் அயனியாக்க ஆற்றல் 13.62, ஹைட்ரஜனுடையது 13.60, ஏறக்குறைய ஒன்றே. ஆகவே இரண்டும் மோதும்போது எலெக்ட்ரானை ஒன்றுக்கொன்று சுலபமாகக் கைமாற்றிக்கொள்கின்றன. ஹைட்ரஜனில் எத்தனை சதவீதம் அயனியோ, ஆக்சிஜனிலும் அதே சதவீதம். எனவே 130.2 நானோமீட்டர் நடுநிலை ஆக்சிஜன் கோட்டை 21 செ.மீ. ஹைட்ரஜனால் வகுத்தாலே நேராக விகிதம் வந்துவிடுகிறது, அயனித் திருத்தம் பெரிதாகத் தேவையில்லை. இப்படித்தான் தாரையின் பெரும்பகுதி சூரியனில் பத்தில் ஒரு பங்கு கன தனிமம் (ஹீலியத்தைவிடக் கனமானவை) கொண்டது, எனவே சின்ன மேகத்திலிருந்து வந்தது என்று தெரிந்தது. ஃபேரால் 9 என்ற கேலக்ஸியின் திசையில் மட்டும் பாதி அளவு வந்தது. அந்த இழை பெரிய மேகத்துடையது.

விகிதம் கிடைத்ததும் சிலிக்கானுக்குப் போகலாம். ஒரு எலெக்ட்ரான் இழந்த சிலிக்கானும் இரண்டு இழந்த சிலிக்கானும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்பது, ஓர் அணுவுக்கு எத்தனை புற ஊதாப் போட்டான் என்பதைச் சொல்லிவிடும். ஃபெர்லாண்ட் 1978-இல் எழுதத் தொடங்கிய 'கிளவுடி' என்ற கணிப்பொறி நிரல் அதிலிருந்து ஹைட்ரஜனில் எத்தனை பங்கு அயனி என்று தரும். மூன்று இழந்த கார்பனைக் கிளவுடி மாதிரி போதுமான அளவு தரவில்லை என்றால் பதற வேண்டாம்; அது வேறு, சூடான கலவைப் பகுதியில் இருக்கிறது, அதைத் தனியாகக் கணக்கிட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வெப்பநிலைக்குள் திணிக்கப் பார்ப்பதுதான் தொடக்கநிலை ஆய்வு மாணவர்கள் செய்யும் முதல் தவறு.

இந்த முறையில் 69 திசைகளைப் பார்த்த ஃபாக்ஸ் குழு 2014-இல் தந்த விடை: அயனி வாயு நடுநிலை வாயுவைப்போல் சுமார் மூன்று மடங்கு. மொத்தம் 200 கோடி சூரிய நிறை. வானத்தில் கால் பங்கில் அதன் தடம் இருக்கிறது. நாம் ரேடியோவில் ஐம்பது ஆண்டுகளாகப் பார்த்துவந்தது உரிந்ததில் கால் பங்கை மட்டும்.

எங்கே தப்பலாம்? சிலிக்கானின் 120.65 கோடு மிக வலுவானது. வாயு கொஞ்சம் அதிகமானாலே அடிமட்டம் வரை கறுத்துவிடும், அதற்கு மேல் எத்தனை இருந்தாலும் தெரியாது. அப்படிப்பட்ட திசையில் வருவது கீழ்வரம்பு மட்டும். ரேடியோ தொலைநோக்கி கால் பாகை அகலத்தைச் சராசரி எடுக்கிறது. தாரைத் தொலைவில் அது சுமார் 800 ஒளியாண்டு. குவேசார் ஒளியோ ஊசி முனை. இரண்டையும் வகுக்கும்போது அந்த ஊசி முனை அடர்ந்த கட்டியில் விழுந்ததா, இடைவெளியில் விழுந்ததா என்பது விகிதத்தை மாற்றிவிடும். சிலிக்கானில் ஒரு பங்கு தூசியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதுவும் கணக்கில் குறையும்.

ஆனால் இவை எல்லாவற்றையும் விழுங்கும் பிழை தொலைவு. எடை தொலைவின் வர்க்கத்தோடு போகிறது. மேலே சொன்ன 200 கோடி, 55 கிலோபார்செக், அதாவது அதே 1 லட்சத்து 80 ஆயிரம் ஒளியாண்டு, என்ற அனுமானத்தில் வந்தது. தாரையின் சில பகுதிகள் 20 கிலோபார்செக் அளவுக்கு நெருங்கியிருக்கலாம் என்று 2021-இல் லுக்கினி குழுவின் கணிப்பொறி மாதிரி சொன்னது. (20/55)² என்பது 0.13. அந்தப் பகுதிகளின் எடை எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும்! வாயுவோடு விண்மீன்கள் மிகக் குறைவாகவே இருப்பதால் தொலைவை நேராக அளக்க வழி குறைவு. எனவே எந்தக் கட்டுரையில் எடையைப் படித்தாலும் பக்கத்தில் என்ன தொலைவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அது இல்லாத எண்ணைப் பாடத்தில் எடுத்துச் சொல்லாதீர்கள்.

இவ்வளவு அயனி வாயு எங்கிருந்து வந்தது என்பதும் தலைவலியாக இருந்தது. மேகங்களின் தட்டுகளிலிருந்து பிய்த்த வாயு மட்டும் கணக்குக்குப் போதவில்லை. 2020-இல் அதே லுக்கினி குழு, பெரிய மேகத்துக்கே சொந்தமாகச் சூடான வாயு உறை ஒன்று இருந்திருக்க வேண்டும், அயனி வாயுவில் பெரும்பகுதி அதிலிருந்து உரிந்தது என்றது. 2022-இல் தனேஷ் கிருஷ்ணராவ் குழு 28 குவேசார் திசைகளில் அந்த உறையின் தடத்தைப் பிடித்தது. 2024-இல் சப்னா மிஸ்ரா குழு, அது இன்று 50 ஆயிரம் ஒளியாண்டு அகலத்துக்குச் சுருங்கிக் கிடக்கிறது, அந்த நிறையுள்ள கேலக்ஸிக்கு இருக்க வேண்டியதில் பத்தில் ஒன்றுதான் என்று காட்டியது. மீதியை மோது அழுத்தம் வாரிக்கொண்டு போய்விட்டது. சொந்த உறை இருந்தது என்பது இன்னொரு முடிச்சையும் ஓரளவு அவிழ்க்கிறது. 10 ஆயிரம் கெல்வின் வாயுக்கட்டி ஒன்று, 1000 ஒளியாண்டு ஆரம், 10 லட்சம் கெல்வின் உறைக்குள் 250 கி.மீ. வேகத்தில் போனால் சில கோடி ஆண்டுகளுக்குள்ளேயே சிதைந்துவிட வேண்டும். தாரையின் வயதோ நூறு கோடி ஆண்டுக் கணக்கு. சுற்றிலும் ஓரளவு வெதுவெதுப்பான உறை கூடவே வந்தால் சிதைவு மெதுவாகும்.

இனி செட்டிநாட்டு வானம். காரைக்குடி ஏறக்குறைய 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. பெரிய மேகம் வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 70 பாகையில். உச்சிக்கு வரும்போதும் அது தெற்கு அடிவானத்துக்கு 10 பாகை மேலேதான் நிற்கும். சின்ன மேகம் 7 பாகை. அந்தத் தாழ்வில் ஒளி நேர் மேலே இருந்து வருவதைப்போல் ஐந்தரை மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. சமவெளிக் காற்றில் பெரிய மேகத்தின் ஒளியில் நாலில் ஒரு பங்குதான் மிஞ்சும், சின்ன மேகத்துக்கு எட்டில் ஒன்று. எனவே சின்ன மேகத்தை மறந்துவிடலாம். அது நல்ல உயரத்துக்கு வரும் கார்த்திகை முன்னிரவுகள் எப்படியும் வடகிழக்குப் பருவமழை நேரம்.

பெரிய மேகத்துக்கு நல்ல நாள் தை அமாவாசையை ஒட்டிய இரவுகள். ஜனவரி கடைசியில் இரவு 9 மணிக்கு அது உச்சியில் இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் வரை 8 பாகைக்கு மேல் நிற்கும். காரைக்குடி மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் தெற்கே தேவகோட்டை வெளிச்சம் சரியாக அந்த உயரத்தில் மறைக்கும். தேவகோட்டைக்கும் தெற்கே போய், தென்பக்கம் நீரோ அறுத்த வயலோ விரிந்திருக்கும் கண்மாய்க் கரை ஒன்றைப் பிடியுங்கள். சீரியஸிலிருந்து அகத்தியர் விண்மீனுக்கு ஒரு கோடு போட்டு, அதே திசையில் பாதித் தூரம் நீட்டி, கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்குங்கள். நீட்டிய கையின் ஒரு முஷ்டி உயரத்தில், அடிவானத்துக்கு மேலே, மங்கலான திட்டு தெரியும். 10×50 பைனாகுலரில் அதன் ஒரு ஓரத்தில் சிறிய பிசிறு போன்ற புள்ளி இருக்கும்: டாரன்டுலா நெபுலா. இன்னொரு கேலக்ஸியின் அயனி ஹைட்ரஜனை நம் ஊரிலிருந்து பார்க்க அதுதான் எளிய வழி. உரிந்த வாயு இல்லை, இன்னும் உள்ளே இருப்பது.

கேமரா என்றால் 50 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600. ஓட்டும் மவுண்ட் இல்லாமலே ஃபுல் பிரேம் கேமராவில் 25 விநாடி வரை திறந்து வைக்கலாம். வான நடுக்கோட்டருகே 10 விநாடிக்கு மேல் விண்மீன் கோடாக நீண்டுவிடும், தெற்கே 70 பாகையில் நகர்வு மூன்றில் ஒரு பங்குதான். சாதாரண கேமராவின் சென்சார் முன் இருக்கும் வடிகட்டி எச்-ஆல்ஃபாவில் கால்வாசியைத்தான் விடும் என்பதால் நெபுலாவின் சிவப்பு குறைவாகவே பதியும். கண்மாய்க் கரையில் பனி இறங்கும். லென்ஸைச் சுற்றி வெதுவெதுப்பான பட்டை ஒன்று கட்டாவிட்டால் அரை மணியில் படம் மங்கிவிடும்.

தாரையின் வாலுக்கு இதெல்லாம் வேண்டாம், காட்டுவது மட்டும்தானே. அது மேகங்களிலிருந்து புறப்பட்டு, தென் கேலக்ஸி துருவத்தைக் கடந்து, பூரட்டாதி நட்சத்திரத்தின் பக்கம் வரை நீள்கிறது. அந்த இடம் வான நடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 12 பாகை. காரைக்குடியில் உச்சந்தலைக்கு 2 பாகைதான் விலகல். ஐப்பசி முதல் வாரத்தில் இரவு 9 மணிக்கு, மழை விட்ட வானத்தில், பிள்ளைகளை நிமிர்ந்து பார்க்கச் சொல்லி, பெகாசஸ் சதுரத்தின் தென்மேற்கு மூலைக்குச் சற்றுக் கீழே காட்டுங்கள். வானியலாளர்கள் அளந்த ஓடை அங்கே முடியவில்லை, அதற்கு அப்பாலும் மெல்லியதாகத் தொடர்கிறது.

3 நானோமீட்டர் எச்-ஆல்ஃபா வடிகட்டி வாங்கி இதைப் படமெடுக்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். வேண்டாம். 3 நானோமீட்டர் என்பது விநாடிக்கு 1370 கி.மீ. வேக அகலம், பூமியின் ஒளி, நம் கேலக்ஸியின் ஒளி, தாரையின் ஒளி எல்லாம் ஒன்றாக விழும். பிரிக்க வழியில்லை. இதே சிக்கல்தான் ஆண்ட்ரோமெடா அருகே அமெச்சூர் வானியலாளர்கள் ஆக்சிஜன் வடிகட்டியில் பிடித்து 2023-இல் வெளியான நீல வளைவுக்கும்: அது ஆண்ட்ரோமெடாவைச் சேர்ந்ததா, நம் கேலக்ஸிக்குள் இருப்பதா என்பதைப் படம் மட்டும் சொல்லாது, வேகம் சொல்ல வேண்டும்.

அந்த வேகத்தை வகுப்பிலேயே கையால் தொட ஒரு வழி இருக்கிறது. அருகிலுள்ள கல்லூரி ஆய்வகத்தில் கிரேட்டிங் வைத்த நிறமாலைமானியும் சோடியம் விளக்கும் இருக்கும். 589.0, 589.6 என்ற இரட்டைக் கோட்டைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த 0.6 நானோமீட்டர் இடைவெளி விநாடிக்குச் சுமார் 300 கி.மீ. வேகத்துக்குச் சமம், பெரிய மேகம் பால்வீதி உறைக்குள் பாயும் வேகத்துக்கு மிக அருகில். பிறகு ஹைட்ரஜன் குழாயைப் பொருத்தி 656.3 சிவப்புக் கோட்டைக் காட்டி, தாரையில் அது இந்த இடைவெளியில் முக்கால் பங்கு நகர்ந்து வருகிறது என்று சொல்லுங்கள். பிளவை அகலமாகத் திறந்திருந்தால் சோடியம் கோடுகள் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். கோடுகள் பிரியும்வரை பிளவைக் குறுக்கிவிட்டுத் தொடங்குங்கள். முதல் வரிசையில் பிரியவில்லை என்றால் இரண்டாம் வரிசைக்குப் போங்கள்.